சேவல் கூவினதற்கு நாலு பென்ஸ்

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்றொரு ஊர். அந்த ஊர்க் கருமார் சங்கம் 1573-இல் எழுதி வைத்த செலவுக் கணக்கில் இரண்டு வரி உண்டு. யூதாசைத் தூக்கில் தொங்கவிட்டதற்காக ஃபாஸ்டன் என்பவனுக்கு 4 பென்ஸ். சேவல் கூவினதற்காக அதே ஃபாஸ்டனுக்கு இன்னும் 4 பென்ஸ்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சேவல் கூவியவன்தான். எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

எங்கள் அப்பாவுக்குக் குளத்தூரில் மைக் செட் தொழில். குழாய் ஸ்பீக்கர் நாலு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கரண்ட் இல்லாத ஊர்களுக்கு லாரி பேட்டரி, போதாததற்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். தவக்காலம் பிறந்துவிட்டால் கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து உபதேசியார்கள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். பாஸ்காவுக்கு, அதாவது சேசுவின் பாடுகளை மேடையில் நடிக்கிற நாடகத்துக்கு, மைக் கட்ட வேண்டும். நாங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். ஆனாலும் பெரிய வெள்ளி ராத்திரி எங்களில் யாரும் வீட்டில் படுத்ததில்லை. பிற்பாடு நான் சரித்திர வாத்தியாராகிப் பல வகுப்புகளில் ஐரோப்பிய வரலாறு நடத்தியிருக்கிறேன். பாடப் புத்தகத்தில் போப்பும் மன்னர்களும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். சாதாரண சனம் அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அதில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. அவர்கள் பாஸ்கா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பாஸ்கா என்றால் ஆவூர்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்கள் இருந்தன. விராலிமலையும் ஆவூரும் அன்றைக்குக் குளத்தூர்த் தாலுகா. ரகுநாதத் தொண்டைமான் புதுக்கோட்டையை ஆண்டபோது அவர் தம்பி நமனத் தொண்டைமான் குளத்தூரை வைத்து ஆண்டார். அந்தக் காலத்தில்தான் ஜான் வெனான்சியுஸ் புஷே என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் ஆவூருக்கு வந்து கோயில் கட்டினார். அந்தப் பழைய கோயில் 1547-இல் கட்டப்பட்டது என்று அரசாங்கக் குறிப்பில்கூட அச்சாகி, பார்க்கிற இடமெல்லாம் அதுவே பரவிக் கிடக்கிறது. புஷே பிறந்ததே 1655-இல். 1547-இல் சவேரியார் கிழக்கே மலாக்காப் பக்கம் இருந்தார். ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வர இன்னும் 59 வருடம் கிடந்தது. எனவே 17-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கம்மாள் திருச்சியில் இருந்து ஆண்ட காலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அச்சான சேசு சபைக் கடிதத் தொகுதிகளில் ஆவூர் என்ற பெயர் வந்துவிடுகிறது. வீரமாமுனிவரும் இங்கே ஊழியம் செய்திருக்கிறார். இப்போதுள்ள பெரிய கோயில் 1747-இல் எழுந்தது என்பார்கள். ஈஸ்டரை ஒட்டி அங்கே பாஸ்கா நடக்கும், பிறகு தேர். சாதி, மதம் பார்க்காமல் சுற்றுப்பட்டு ஊரே அங்கே திரளும். தேர் வடத்தைப் பிடிக்கிற கையில் பாதி திருநீறு பூசிய கை.

ஆனால் நான் சேவல் கூவியது ஆவூரில் இல்லை. அங்கே அதற்கெல்லாம் ஆள் இருந்தார்கள். கீரனூர்ப் பக்கம் ஓர் ஓட்டுக் கோயில் ஊர். மொத்தமே சில தெருக்கள். பாஸ்கா அன்றைக்குக் கோயிலுக்கு முன்னால் மாட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தி மேலே பலகை பரப்பி மேடை போடுவார்கள். சீன் படுதா புதுக்கோட்டையிலிருந்து வாடகைக்கு வரும். வள்ளி திருமணத்துக்கும் அரிச்சந்திராவுக்கும் போகிற அதே படுதாக்கள். தர்பார் சீன் பிலாத்துவின் அரண்மனை. சேசு இரத்த வியர்வை வியர்த்துச் செபிக்கிற ஒலிவத் தோட்டத்துக்கு வள்ளியின் தினைப்புனம். ஓரத்தில் ஒரு மயில்கூட நிற்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. உரோமைச் சேவகர்களுக்கு மகாராஜா நாடகத்துக் காவலாளி உடுப்பு, கையில் ஈட்டி. மாதாவாக வருபவர் பகலில் களை எடுக்கிற ஆண்பிள்ளைதான். ஆனால் அவர் முக்காடு போட்டு, மடியில் மகனைக் கிடத்திக்கொண்டு ஒப்பாரி வைத்தால் கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். சேசுவாக வருகிறவர் தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார், தாடி வளர்ப்பார், பாய் விரித்துத் தனியே படுப்பார். அந்த நாற்பது நாளும் தெருவில் எதிரே வருகிற கிழவிகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

இராயப்பர், அதாவது பேதுரு, நெருப்புக் காய்கிற கட்டம். வேலைக்காரி வந்து, நீயும் அந்த ஆளோட இருந்தவன்தானே என்று கேட்பாள். அவர் இல்லை என்பார். மூன்றாம் முறை இல்லை என்றதும் சேவல் கூவ வேண்டும். ஒரு வருடம் நிஜச் சேவலைக் கொண்டுவந்து படுதாவுக்குப் பின்னால் கூடையில் கவிழ்த்திருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது விடிந்துவிட்டதாக நினைத்து, சேசு இராப்போசனத்தில் அப்பம் பிட்கும்போதே கூவித் தள்ளியது. அடுத்த வருடம் உபதேசியார் அப்பாவிடம், "மைக்காரரே, உங்க பையன் நல்லா சத்தம் குடுக்குறானே, அவனையே கூவச் சொல்லுங்க" என்றார். அப்பா என்னிடம், "டேய், மூணாவது தடவை இல்லைன்னு சொன்னப்புறம் ஒரு மூச்சு வுட்டுட்டுக் கூவு. ஒடனே கூவுனா எடுபடாது" என்றார். அந்த ஒரு மூச்சுதான் சூட்சுமம். சனம் இராயப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும், என்ன நடக்கப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததற்காகவே காத்திருக்கும். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, உள்ளங்கையைக் குவித்து வாயில் வைத்துக் கூவினேன். இராயப்பராக வந்த கொத்தனார் தரையில் விழுந்து அழுத அழுகை நடிப்பு மாதிரி இல்லை.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கேயும் இது சிறிதாகத்தான் தொடங்கியது. 970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு மடத்துச் சந்நியாசிகளுக்கு ஒழுங்குமுறை எழுதினார். நம் பக்கத்தில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஈஸ்டர் அதிகாலைப் பூசையில் ஒரு சந்நியாசி வெள்ளை அங்கியோடு, கையில் ஓலை ஏந்திக் கல்லறையாக வைத்த இடத்தில் போய் உட்கார வேண்டும். மூன்று பேர் தூபக் கலசத்தோடு எதையோ தேடுகிறவர்கள் போலத் தயங்கித் தயங்கி வர வேண்டும். அவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். இவர்கள் பதில் பாட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லாம் லத்தீன். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் யார் எங்கே நிற்பது, எப்படி நடப்பது என்று எழுதிவிட்டார் அல்லவா, அங்கேயே நாடகம் பிறந்துவிட்டது.

பிறகு அது கோயிலுக்குள் அடங்கவில்லை. 1264-இல் போப் நான்காம் உர்பன் நற்கருணைத் திருநாளை ஏற்படுத்தினார். அது மே, ஜூன் மாதங்களில் வரும். அங்கே பகல் நீண்ட காலம். தெருவில் பவனி போகிற திருநாள். ஊர் ஊருக்கு அந்தத் திருநாளைச் சுற்றி நாடகம் வளர்ந்தது. பேச்சு உள்ளூர் மொழிக்கு மாறியது. செலவை அந்தந்தத் தொழில்காரர்களின் சங்கங்கள் ஏற்றன. யார்க் நகரத்தில் 1376-லேயே இதற்கான வண்டிகளை நிறுத்திவைக்கிற கொட்டகைக்கு வாடகை வாங்கியிருக்கிறார்கள். உலகம் உண்டானது முதல் கடைசித் தீர்ப்பு வரை ஏறத்தாழ 50 நாடகங்கள். ஒவ்வொன்றும் ஒரு தொழில்காரர் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கர வண்டி. அதிகாலை நாலரை மணிக்கெல்லாம் முதல் வண்டி தயாராக இருக்க வேண்டும். ஊரில் 12 இடங்களில் நின்று நின்று ஆடிவிட்டு நகரும்; ஒன்று போக அடுத்தது வரும். நம் ஊர்ச் சப்பரம் மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்பது போலத்தான்.

யாருக்கு எந்தக் கதை என்பதில் அந்த ஊர்க்காரர்களின் குறும்பு தெரிகிறது. நோவா பேழை கட்டுவது கப்பல் தச்சருக்கு. வெள்ளம் வருவது மீனவருக்கும் மாலுமிகளுக்கும். மூன்று ராசாக்கள் பொன் கொண்டுவருவது தட்டாருக்கு. கடைசி இராப்போசனம் ரொட்டி சுடுகிறவர்களுக்கு. சேசு உயிர்விடுகிற கட்டம் கசாப்புக்காரர்களுக்கு. ஆணி, ஊசி அடிக்கிறவர்களுக்குச் சிலுவையில் அறைகிற கட்டம்.

அந்தச் சிலுவையில் அறைகிற நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு சேவகர்கள். சேசு தரையில் சிலுவைமேல் கிடக்கிறார். மொத்த நாடகத்திலும் அவர் இரண்டே தடவைதான் வாய் திறக்கிறார். பேசுகிறவர்கள் எல்லாம் சேவகர்கள். பேச்சு முழுக்க வேலைப் பேச்சு. ஆணிக்கு முன்னாலேயே போட்டு வைத்த ஓட்டை தள்ளிப் போய்விட்டது, கை எட்டவில்லை. இப்போது என்ன செய்வது? ஒருவன் கயிறு கட்டி இழுக்கலாம் என்கிறான். இழுக்கிறார்கள். பிறகு தூக்கி நிறுத்த வேண்டும். கனம் தாங்காமல் முதுகு போச்சு, மூச்சு போச்சு என்று புலம்புகிறார்கள். நிறுத்தினால் குழி அகலமாக இருக்கிறது, சிலுவை ஆடுகிறது. ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். தெருவில் நின்று பார்த்தவர்கள் பாதிப் பேர் இந்த மாதிரி ஓட்டை தள்ளிப் போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவர்கள். முதலில் சிரித்திருப்பார்கள். எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று பிறகுதான் உறைத்திருக்கும். இதை எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான நாடகங்களில் இது ஒன்று. நம் பாஸ்காக்களில் சேவகர்கள் வெறுமனே உறுமுகிறார்கள், சாட்டையைச் சொடுக்குகிறார்கள். அவர்களைக் கூலிக்கு மாரடிக்கிற சாதாரண மனிதர்களாகக் காட்டுகிற தைரியம் நம் நாடக வாத்தியார்களுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனிக் கணக்கு. யார்க் வணிகர் சங்கம் 1433-இல் தங்கள் தீர்ப்பு நாள் வண்டியின் சாமான்களுக்குப் பட்டியல் போட்டு வைத்தது. நாலு சக்கர வண்டி, நரக வாய், பிசாசுகளுக்கு உடுப்பும் முகமூடியும், மோட்சத்தில் அங்குமிங்கும் ஓடுவதற்குச் சிவப்புச் சாயம் பூசிய 9 சின்னச் சம்மனசுகள், அவற்றை ஓட வைக்க நீளமான ஒரு கயிறு. கவென்ட்ரியில் துணி வணிகர் சங்கம் நரக வாயில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவனுக்கு 4 பென்ஸ் கொடுத்திருக்கிறது. உலகத்துக்குத் தீ வைத்ததற்கு 5 பென்ஸ். உலகம் என்பது வர்ணம் பூசிய ஓர் உருண்டை. நாடகத்துக்கு நாடகம் எரிந்துபோவதால் புதிது புதிதாகச் செய்ய வேண்டும்.

அதே கவென்ட்ரியில் கருமார் சங்கம் 1490-இல் நடிகர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைப் பாருங்கள். கடவுளுக்கு, அதாவது சேசுவாக வந்தவருக்கு, 2 ஷில்லிங். ஏரோதுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ். பிலாத்துவுக்கு 4 ஷில்லிங். இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. எங்கள் பக்கத்திலும் சேசு வேடத்துக்கு ஆள் தேட வேண்டும். பிலாத்துவுக்கும் ஏரோதுக்கும் அடிதடி நடக்கும். ஜரிகை உடுப்பு, சிம்மாசனம், மீசை, மைக் அதிர அதிர வசனம். ஏரோது வேடக்காரர் மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குள் வந்து ஆர்ப்பாட்டம் செய்வது கவென்ட்ரியிலும் உண்டு. அங்கே நாடகப் பிரதியிலேயே அப்படிக் குறிப்பு இருக்கிறது.

ஆபத்தும் உண்டு. 1437-இல், இப்போது பிரான்சில் இருக்கிற மெட்ஸ் நகரத்துப் பாஸ்காவில் சேசுவாக வந்த பாதிரியார் சிலுவையில் மயங்கிச் சாகக் கிடந்தார். அவரை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றி அன்றைய கட்டத்தை முடித்தார்கள். மறுநாள் அவர் தேறி வந்து உயிர்ப்புக் கட்டத்தை நடித்துக் கொடுத்தாராம். அதே நாடகத்தில் யூதாசாக வந்த பாதிரியாரும் தூக்கில் அதிக நேரம் தொங்கி நினைவிழந்தார். வினிகர் தேய்த்து எழுப்பினார்கள். யூதாசைத் தொங்கவிடுவது விளையாட்டு வேலை இல்லை. ஃபாஸ்டனுக்குக் கொடுத்த 4 பென்ஸ் நியாயம்தான். எங்கள் ஊரில் புளிய மரக் கிளையில் கட்டுவார்கள். சட்டைக்கு உள்ளே மார்பைச் சுற்றி உழவு மாட்டு வடக்கயிறு. கழுத்தில் தொங்குவது சும்மா சுருக்கு. முடிச்சுப் போடுபவர் பனை ஏறுகிறவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். வேறு யார் போட்டாலும் யூதாசு ஒத்துக்கொள்ளமாட்டான்.

அந்தப் பெரிய நாடகங்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக நின்றன. பாரிஸ் நீதிமன்றம் 1548-இல் வேத நாடகங்களைத் தடுத்தது. யார்க்கில் கடைசியாக 1569-இல் ஆடினார்கள். 1576-இல் வேக்ஃபீல்டு ஊருக்கு ஓர் உத்தரவு போனது: பிதா, சுதன், பரிசுத்த ஆவியை யாரும் வேடம் கட்டிக் காட்டக் கூடாது. சீர்திருத்தக்காரர்களுக்கு இது விக்கிரகம். படித்த கத்தோலிக்கர்களுக்கு இது பாமரத்தனம். இரண்டு பக்கமும் கைவிட்டபோது தச்சரும் கருமாரும் என்ன செய்ய முடியும்? பாரிஸ் தடைபோட்ட அதே 1548-இல்தான் சேசு சபையார் சிசிலியின் மெசினாவில் தங்கள் முதல் பெரிய கல்லூரியைத் திறந்தார்கள். அவர்களுடைய பள்ளிகளில் நாடகம் பாடத்தோடு சேர்ந்தது. தெருவில் செத்துக்கொண்டிருந்த கலை வகுப்பறைக்குள் போயிற்று. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தாம் பிறகு நம் கரைக்குக் கப்பல் ஏறினார்கள்.

அதற்காக நாடகத்தை அவர்கள்தாம் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1057-ஐ ஒட்டியது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று வெட்டியிருக்கிறது. கவென்ட்ரிக் கணக்குக்கு 500 வருடம் முந்திய கணக்கு, அதுவும் கல்லில். கடவுளுக்கு முன்னால் கூத்து ஆடுவதும், ஆடியவனுக்கு அளந்து கொடுப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆவூருக்குப் பக்கத்திலேயே விராலிமலை முருகன் கோயிலில் குறவஞ்சி நாடகம் ஆடினார்கள். அந்த மரபின் கடைசிக் கண்ணியான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குறவஞ்சியைக் கிறித்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-ஐ ஒட்டிப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவர் சீர்திருத்தச் சபைக்காரர். வேக்ஃபீல்டுக்கு உத்தரவு போட்டவர்களின் வழிவந்தவர்கள் தஞ்சாவூரில் குறத்தியை மேடையேற்றினார்கள் என்றால் மண்ணின் குணத்தை என்னவென்று சொல்வது!

கடற்கரையில் கதை இன்னும் செழிப்பு. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கத்தோலிக்கர்கள் நாட்டுக்கூத்து மெட்டில் புனிதர் கதைகளை இரவிரவாக ஆடினார்கள். மூவிராசாக்கள் நாடகம், எஸ்தாக்கியார் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம். கடைசியில் சொன்னது ஒரு ஹென்றி சக்கரவர்த்தியின் கதை. போர்த்துக்கீசியப் பெயர் தமிழ் வாயில் அப்படி ஆனது. மலையாளக் கரையில் பலகை அதிர மிதித்து ஆடுகிற சவிட்டு நாடகத்தில் சார்லமேன் ராசாவின் காறல்மான் சரித்திரம் பேர்போனது. அதை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்றே வழங்குகிறது.

இவற்றில் ஞானசௌந்தரியின் பயணம் தனி. கை வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரிக்கு மாதா கையைத் திருப்பிக் கொடுக்கிற கதை. 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தட்டார் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மாதா புதுமை நாடகம் போட்டு வந்தது. அந்தப் பிரதிகளில் 40 நாடகங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, கையிழந்த ஹங்கேரி அரசகுமாரியின் கதை. அதே குடும்பத்துக் கதைதான் மன்னாரில் கூத்தாகவும் தமிழ்நாட்டில் கம்பெனி நாடகமாகவும் ஆகி, 1948-இல் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்து சிட்டாடல் படமாக வந்தது. எங்கள் அப்பா மைக் செட் போடுகிற வீடுகளில் அந்தப் படத்துப் பாட்டுத் தட்டைத் தேய்த்தே கிழவனாக்கிவிட்டார். அதற்கு இந்து வீடு, வேதக்காரர் வீடு என்ற பேதமில்லை.

ஆனால் மறுபடியும் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கே வரவேண்டியிருக்கிறது. ஃபாஸ்டன் கூவினது நமக்கு எப்படித் தெரியும்? தாமஸ் ஷார்ப் என்ற கவென்ட்ரிக்காரர் சங்கங்களின் பழைய கணக்கு ஏடுகளைத் தேடிப் பிடித்து, வரிவரியாகப் படியெடுத்து 1825-இல் புத்தகமாகப் போட்டார். அந்த ஏடுகள் பிறகு பர்மிங்காம் நூலகத்துக்குப் போயின. 1879-இல் நூலகம் தீப்பிடித்து அத்தனையும் சாம்பல். ஷார்ப் அச்சில் போட்டது மட்டும் மிச்சம். அவர் சோம்பியிருந்தால் 4 பென்ஸும் இல்லை, சேவலும் இல்லை. யார்க் வணிகர் சங்கப் பட்டியலைக்கூட 1970-களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு டொரண்டோவில் ஒரு குழு இங்கிலாந்தின் ஊர் ஊராகப் பழைய நாடகச் செலவுக் கணக்குகளைத் தொகுத்துப் பெரிய பெரிய தொகுதிகளாகப் போட்டு வருகிறது. முதல் தொகுதி யார்க் நகரம், 1979. யார்க்கிலோ 1951-இல் அந்த நாடகங்களை மறுபடியும் மேடையேற்றிவிட்டார்கள். பிரதி கையில் இருந்ததால் 382 வருடம் கழித்தும் எழுப்ப முடிந்தது.

நம்மிடையேயும் ஒரு ஷார்ப் இருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மன்னார்ப் பக்கத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் வீடுகளில் கிடந்த கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964, மூவிராசாக்கள் நாடகம் 1966, ஞானசவுந்தரி நாடகம் 1967. அதற்குப் பிறகு அந்த மண்ணில் யுத்தம் வந்து எத்தனை வீடுகள் எரிந்தன என்று எல்லாரும் அறிவோம். யாழ்ப்பாண நூலகமே 1981-இல் எரிந்தது. அச்சேறியவை தப்பித்தன.

நம் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்தில் யுத்தம் இல்லை, பழைய பேப்பர்காரர் இருக்கிறார். பாஸ்கா வசனத்தை நாற்பது பக்க, எண்பது பக்க நோட்டுகளில் எழுதி வைத்திருந்த நாடக வாத்தியார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் யார் யாருக்கு என்ன வேடம், சீன் வாடகை எவ்வளவு, பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், யார் வீட்டிலிருந்து பலகை வந்தது, யார் இன்னும் வரி தரவில்லை என்று பென்சிலில் குறித்திருப்பார்கள். வாத்தியார் கண் மூடியதும் பிள்ளைகள் பரணைக் காலி செய்கிறார்கள். இப்போது வசனத்தையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து பென் டிரைவில் ஓடவிட்டு மேடையில் வாயசைக்கிற வழக்கம் வேறு வந்துவிட்டது. நோட்டுக்கு வேலையே இல்லை.

உங்கள் வீட்டில் பாட்டனோ பெரியப்பாவோ பாஸ்கா நடத்தியவராக, வேடம் கட்டியவராக, மேடை போட்டவராக இருந்தால், அந்த நோட்டை எடைக்குப் போடாதீர்கள். ஓரத்தில் இருக்கிற செலவுக் கணக்கைக் கிழித்து எறியாதீர்கள். வசனத்தைவிட அதுதான் முக்கியம். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒரு பிரதியைப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, செண்பகனூர் சேசு சபை ஆவணக் காப்பகத்துக்கோ கொடுத்து வையுங்கள். ஆவூர், கீரனூர், மாத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு நான் தனியாகவே சொல்கிறேன்: அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால் பரணில் ஏறிப் பாருங்கள்.